எட்டு முறை மறந்தால் அட்டை, அட்டையாகிவிடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயலி வைத்துப் புதுமொழி கற்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதற்கு அடுத்த வாரம் ஒரு வாசகர் எழுதிய பதிலையும் படித்தேன். ஒரு நாளைக்கு 50 சொல் வீதம் ஃபிளாஷ்கார்டு அட்டைகளில் உருப்போட்டால் மூன்று மாதத்தில் ஒரு மொழி கைக்கு வந்துவிடும், அதிலும் எஸ்பெராண்டோ மாதிரி ஒருவர் உட்கார்ந்து ஆக்கிய செயற்கை மொழி என்றால் இன்னும் சீக்கிரம் என்கிறது கட்டுரை. பேச ஆளில்லாத மொழியை மனப்பாடம் செய்வது வெட்டி வேலை, அந்த நேரத்தில் உருப்படியாக வேறு ஏதாவது செய்யலாம் என்கிறார் வாசகர். இரண்டு பேருமே செய்து பார்க்காமல் எழுதியிருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம். நான் செய்து பார்த்தவன். கெட்டிக்காரத்தனமாகச் செய்தேன் என்று சொல்லவில்லை, ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை பாதியில் விட்டு, மூன்றாவது முறைதான் ஏதோ பிடிபட்டது. அந்த இரண்டு முறையும் ஏன் விட்டேன் என்பதை எழுதினால், 50 சொல் கணக்கை நம்பி இப்போது தொடங்கியிருக்கிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த 50. நான் பயன்படுத்துவது ஆன்கி என்ற இலவச மென்பொருள். ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள் (அங்கி என்று எழுதினால் சட்டையாகிவிடுகிறது, அதனால் ஆன்கி என்றே எழுதுகிறேன்). டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006-இல் வெளியிட்டது. அட்டையின் முன்பக்கத்தில் சொல், பின்பக்கத்தில் பொருள். நினைவுக்கு வந்ததா, திணறினீர்களா, மறந்தே போயிற்றா என்று நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள், அதை வைத்து அடுத்து எந்த நாளில் கேட்பது என்று அது முடிவு செய்கிறது. இதற்கு அடிப்படையான பழைய கணக்கு மிக எளிது: நாளைக்கு ஒரு தடவை, அப்புறம் 6 நாள் கழித்து, அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, அதாவது 15 நாள், 38 நாள், மூன்று மாதம் என்று இடைவெளி நீண்டுகொண்டே போகும். மறந்தால் மறுபடி முதலிலிருந்து. 2023 கடைசியில் இதைவிட நுட்பமான புதுக்கணக்கு ஒன்றும் உள்ளே வந்துவிட்டது, ஆனால் அடிப்படை அதேதான்.

இதில் கட்டுரையாளர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. இன்று போட்ட 50 அட்டை இன்றோடு முடிவதில்லை. நாளை அந்த 50 திரும்பி வரும், கூடவே புதிதாக 50 வரும், அடுத்த வாரம் ஆறு நாளுக்கு முந்தையவை வரும், நடுவில் மறந்தவை தனியாக வந்து நிற்கும். நான் ஒரு நாளைக்கு 20 புதிய சொல் என்றுதான் வைத்திருந்தேன், மென்பொருளே முதலில் வைத்துக் கொடுப்பதும் அந்த 20தான், அதற்கே நான்காவது வாரத்தில் தினம் 170, 180 அட்டைகள் எனக்காகக் காத்திருந்தன. 50 போட்டால் 400-ஐத் தாண்டும். ஒரு அட்டைக்கு எட்டு நொடி என்று வைத்தாலும் தினமும் ஒரு மணி நேரம் வெறும் திருப்பிப் பார்ப்பதற்கே போகும். மூன்று மாதம் அப்படி உட்காருகிறவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. பத்து போதும். அவசரமில்லாதவருக்கு ஏழே போதும்.

சரி, எண்ணிக்கை தப்பு என்பது சின்ன விஷயம், குறைத்தால் தீர்ந்தது. கட்டுரையில் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தந்த வரி வேறு: 'இணையத்தில் ஆயிரக்கணக்கான சொற்களுடன் தயாரான அட்டைக்கட்டுகள் கிடைக்கின்றன, பதிவிறக்கிக்கொண்டால் போதும்.' முதல் முறை நான் செய்ததும் அதைத்தான். 5000 சொல் கொண்ட ஒரு எஸ்பெராண்டோ கட்டை இறக்கிக்கொண்டு, ஏதோ பாதி மொழி கைக்கு வந்துவிட்ட நிம்மதியோடு ஆரம்பித்தேன்.

அதில் 'மால்சானுலேயோ' என்று ஒரு அட்டை. பின்பக்கம் மருத்துவமனை. படித்தேன், மறந்தேன். படித்தேன், மறுபடி மறந்தேன். கிட்டத்தட்ட இதே நீளத்தில் இதே மாதிரி 'மால்' என்று ஆரம்பிக்கிற வேறு நாற்பது ஐம்பது சொற்கள் அந்தக் கட்டில் இருந்தன, எல்லாம் ஒன்றோடொன்று குழம்பின. படித்து முடித்த ஒரு அட்டையை எட்டு முறை மறந்துவிட்டால் ஆன்கி அதை ஒதுக்கி வைத்துவிடும். அப்படிப்பட்ட அட்டைக்கு அது வைத்திருக்கும் பெயர், இரத்தம் உறிஞ்சுமே அந்தப் பூச்சியின் பெயர். ஆங்கிலத்தில் ஃபிளாஷ்கார்டுக்கும் அந்தப் பூச்சிக்கும் வேறு வேறு சொல். தமிழில் பாருங்கள், இதுவும் அட்டை, அதுவும் அட்டை. அட்டையே அட்டையாகி என் நேரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. மூன்றாவது மாதம் பார்த்தால் அப்படி 130-க்கும் மேல் ஒதுங்கிக் கிடந்தன, எனக்கு ஞாபகசக்தி போதாது என்று முடிவு கட்டி விட்டுவிட்டேன்.

ஒரு பாடப்புத்தகத்தின் நான்காம் பாடத்தைத் தற்செயலாகப் புரட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. 'சானா' என்றால் நலமாக இருக்கிற. முன்னால் 'மால்' சேர்த்தால் எதிர்ப்பொருள், ஆக 'மால்சானா' என்றால் நோயுற்ற. 'உல்' என்றால் ஆள். 'எய்' என்றால் இடம். கடைசி 'ஓ' பெயர்ச்சொல்லுக்கு அடையாளம். நலம்-இல்லாத-ஆட்கள்-இருக்கும்-இடம். நாம் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் பிரித்து எழுதினோமே பகுபத உறுப்பிலக்கணம், பகுதி, விகுதி, இடைநிலை என்று, அதே வேலைதான் இங்கேயும், விகாரமோ சந்தியோ இல்லாமல் இன்னும் சுத்தமாக. அந்த அட்டைக்கட்டைச் செய்த புண்ணியவான் ஒரு பகுபதத்தைப் பகாப்பதமாக்கி என் தலையில் ஏற்றப் பார்த்திருக்கிறார். எட்டு முறை மறந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்?

இந்த மொழியை ஆக்கியவருக்கே மனப்பாடச் சுமைதான் பெரிய கவலையாக இருந்தது என்பதைப் பிற்பாடு படித்தேன். லுட்விக் ஸாமென்ஹாஃப், 1859-இல் பியாலிஸ்டோக்கில் பிறந்தவர், அப்போது அது ரஷ்யப் பேரரசில் இருந்தது, இன்று போலந்து. உலகத்துக்கெல்லாம் ஒரு பொதுமொழி என்று பள்ளி நாட்களிலேயே கனவு, ஆனால் எந்த மொழியை எடுத்தாலும் தலையணை அளவு அகராதி நடுவில் வந்து நிற்கிறது. ஒரு நாள் தெருவில் இரண்டு ரஷ்யப் பெயர்ப்பலகைகள், ஒன்று வாயிற்காவலர் இருக்கும் அறைக்கு, இன்னொன்று மிட்டாய்க் கடைக்கு, இரண்டும் 'ஸ்காயா' என்று ஒரே விகுதியில் முடிவதைக் கவனிக்கிறார். ஒரு விகுதியை வைத்துக்கொண்டு ஒரு சொல்லிலிருந்து பல சொற்களை ஆக்கலாமே, அவற்றைத் தனித்தனியாகப் படிக்க வேண்டியதில்லையே என்று அவருக்கு அங்கேதான் பொறி தட்டியது என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1887-இல் வார்சாவில் வெளியிட்ட முதல் புத்தகத்தில் சுமார் 900 வேர்ச்சொற்கள்தான் கொடுத்தார். மீதியை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு. அந்த மனிதர் பாடுபட்டுச் சுருக்கியதை நாம் ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு மறுபடி 5000 ஆக ஊதிப் பெருக்கிக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மறதிக் கணக்குக்கெல்லாம் மூலம் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தார். எதை மனப்பாடம் செய்து அளந்தார் தெரியுமா? பொருளே இல்லாத அசைகளை. நடுவில் உயிர், இரண்டு பக்கமும் மெய். பொருள் இருந்தால் அது நினைவுக்குக் கைகொடுத்துவிடும், அளவு தப்பாகிவிடும் என்பதால் வேண்டுமென்றே அர்த்தமற்ற ஒலிகளாகப் பார்த்து எடுத்தார். மறப்பதற்கு மிக வசதியான பண்டம் அது. ஒவ்வொரு துண்டுக்கும் பொருள் வைத்து ஆக்கிய மால்சானுலேயோவைத் துண்டு தெரியாமல் படித்தபோது நான் அதை ஒரு எபிங்ஹாஸ் அசையாக்கிவிட்டேன், பொருள் தரும் கையை வெட்டிவிட்டு மென்பொருளிடம் நியாயம் கேட்டேன். (ஒரு சின்ன வியப்பு: இடைவெளி கணக்குப் போடும் நிரல்களுக்கெல்லாம் முன்னோடியான சூப்பர்மெமோவைப் பியோட்டர் வோஸ்னியாக் எழுதியதும் போலந்தில்தான், அவர் கணினியில் அதைத் தொடங்கியது 1987-இல், ஸாமென்ஹாஃப் புத்தகத்துக்குச் சரியாக நூறு வருடம் கழித்து.)

இரண்டாவது முறை வேறு தவறு. கட்டை அழித்துவிட்டு நானே அட்டை எழுதினேன், நல்ல காரியம், ஆனால் எஸ்பெராண்டோ சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். வேகமாகத் தட்டச்சலாம், படிக்கவும் சுகம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் 'பானோ' என்று இரண்டு அட்டை. ஒன்றின் பின்னால் குளியல், இன்னொன்றின் பின்னால் ரொட்டி. அந்த மொழியில் இரண்டுக்கும் முதல் ஒலி வேறு, ஒன்று வல்லின ப, மற்றது 'பலம்' என்று சொல்லும்போது வருமே அந்தக் கனத்த ப. நமக்கோ இரண்டுக்கும் ஒரே எழுத்து. 'தெந்தோ' இன்னும் மோசம். பல்லும் தெந்தோ, கூடாரமும் தெந்தோ, சபலமும் தெந்தோ. மூன்று வெவ்வேறு சொற்கள், என் அட்டையில் ஒரே உருவம், இந்தக் கடிதத்திலும் அதை உங்களுக்குப் பிரித்துக் காட்ட எனக்கு வழியில்லை. எது கேட்கிறது என்று தெரியாமல் ஊகித்துப் பொத்தானை அழுத்தி அழுத்தி, அந்த ஊகமே பழக்கமாகி, இன்றைக்கும் 'பெசி'க்கும் 'பெஸி'க்கும் (எடை போடுவது, எடை இருப்பது) வாயில் வித்தியாசம் வருவதில்லை. எந்த எழுத்தில் அந்த மொழி எழுதப்படுகிறதோ அந்த எழுத்திலேயே அட்டை எழுதுங்கள், கூடவே ஒலியையும் சேருங்கள். முதல் வாரம் மெதுவாக இருக்கும், பரவாயில்லை.

மூன்றாவது முறை என்ன செய்தேன்? சொல்லுக்கு அட்டை போடுவதை நிறுத்திவிட்டு, வேருக்கும் ஒட்டுக்கும் மட்டும் போட்டேன். 'மால்' ஒரு அட்டை, 'எய்' ஒரு அட்டை, 'உல்' ஒரு அட்டை, கருவியைக் காட்டும் 'இல்' ஒரு அட்டை. இரண்டாவது வகை அட்டை ஒன்றும் வைத்துக்கொண்டேன், அதில் மனப்பாடம் கிடையாது, கட்டச் சொல்லும். 'ஷ்லோசி என்றால் பூட்டுவது. சாவி?' என்று கேட்கும், ஷ்லோசிலோ என்று நான் கட்ட வேண்டும். 'லெர்னி என்றால் கற்பது. பள்ளிக்கூடம்?' லெர்னேயோ. 'ஃபெர்மி என்றால் மூடுவது. திற?' மால்ஃபெர்மி. நாமே நூலகம், காப்பகம், காட்சியகம் என்று 'அகம்' ஒட்டி ஆக்கிக்கொண்டு போகவில்லையா, அதே பழக்கம்தான். இந்த அட்டைகளைப் பத்து இருபது பார்த்த பிறகு, அட்டையே இல்லாத சொற்களும் வாயில் வர ஆரம்பித்தன, அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. மால்சானுலேயோவுக்கு இப்போது அட்டையே கிடையாது. அது மறப்பதுமில்லை.

இதில் தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது, எந்தப் பாடப்புத்தகத்திலும் அதை யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. எஸ்பெராண்டோவில் எது, எங்கே, எப்போது, அது, அங்கே, அப்போது போன்றவை எல்லாம் சேர்ந்து 45 சொற்கள் ஒரு பட்டியலாக இருக்கும், புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லோரும் அங்கே வந்து மூக்கு உடைபடுவார்கள். தயாரான கட்டுகளில் 45 சொல்லுக்கும் 45 அட்டை. நானும் படித்தேன், கியாம், தியாம், கியே, தியே, கியோம், தியோம் என்று பைத்தியம் பிடித்தது. ஒரு நாள் சும்மா ஒரு தாளில் தமிழைப் பக்கத்தில் எழுதினேன். கியாம் எப்போது, தியாம் அப்போது. கியே எங்கே, தியே அங்கே. கியோம் எவ்வளவு, தியோம் அவ்வளவு. கியேல் எப்படி, தியேல் அப்படி. அட, இது நம் வினாவெழுத்தும் சுட்டெழுத்தும் இல்லையா! 'கி' என்றால் எ, 'தி' என்றால் அ. அது மட்டுமா, 'சி' போட்டால் நம் 'உம்': சியாம் எப்போதும், சியே எங்கும். ஒன்றுமே போடாமல் வெறும் 'இ' என்றால் நம் 'ஓ': இயாம் எப்போதோ, இயே எங்கோ. நேனி என்றால் இல்லை. முன்னால் வருவது ஐந்து துண்டு, பின்னால் வருவது ஒன்பது துண்டு, பதினான்கு துண்டு தெரிந்தால் 45-ம் தெரியும். பல ஐரோப்பிய மொழிக்காரர்களுக்கு இப்படிச் சீராக ஒரு பட்டியல் தங்கள் மொழியில் கிடையாது, அவர்கள் முக்கி முனகிப் படிக்கிறார்கள், நமக்கோ பிறவியிலேயே வாயில் இருக்கிறது. 45 அட்டையையும் அழித்துவிட்டுப் பதினான்கு எழுதினேன், ஒரு வாரத்தில் வேலை முடிந்தது.

வேர்ச்சொல் என்று வந்துவிட்டால் நெட்டுருவைத் தவிர வழியில்லை, அங்கே வெட்கப்படாமல் கோமாளித்தனம் செய்யலாம். எஸ்பெராண்டோவில் 'கை' என்றால் 'மற்றும்', இரண்டு பேரைக் கைகோத்து நிறுத்தினேன், முடிந்தது. 'விதி' என்றால் பார்ப்பது: விதி இருந்தால் பார்ப்போம். 'போர்த்தி' என்றால் சுமப்பது, உடுத்துவது: போர்த்திக்கொண்டேன். 'வேனி' என்றால் வருவது: வேணி, இங்கே வா. 'பேதி' என்றால் வேண்டிக் கேட்பது, அதற்கு நான் கட்டிய கதையை நாளிதழில் எழுத முடியாது, ஆனால் சாகும்வரை மறக்காது. இந்தக் கதைகளை அவரவர்தான் கட்டிக்கொள்ள வேண்டும், இன்னொருவர் கட்டியது ஒட்டாது, தயாரான கட்டுகள் மேல் எனக்கு நம்பிக்கை போனதற்கு அதுவும் ஒரு காரணம். சில நேரம் நம் காதே எதிரியாகிவிடுவதும் உண்டு. 'இரி' என்றால் அந்த மொழியில் போவது. தமிழ்க் காதில் அது 'இரு' என்றுதான் விழுகிறது. போ என்று கேட்டால் எனக்கு வாயில் வருவதில்லை, இரி என்று பார்த்தால் உட்காரத் தோன்றுகிறது. அந்த அட்டை இரண்டு முறை ஒதுக்கப்பட்டுவிட்டது. 'மி இராஸ் ஹேய்மென்', நான் வீட்டுக்குப் போகிறேன், என்று முழு வாக்கியமாக மாற்றி எழுதிய பிறகு கொஞ்சம் தேவலை.

செயற்கை மொழி என்றால் எல்லாம் ஒன்று என்பதுபோல் கட்டுரையாளர் எழுதியிருப்பதும் சரியில்லை. ஆர்வக்கோளாறில் வேறு இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். டோக்கி போனா, சோனியா லாங் 2001-இல் இணையத்தில் வெளியிட்டது, மொத்தமே சுமார் 120 சொல், பதினான்கு எழுத்து. ஒரு நாளைக்குப் பத்து என்று பன்னிரண்டே நாளில் கட்டு முடிந்துவிட்டது, நூற்றுக்கு நூறு, பெருமையோடு ஒரு வரி எழுத உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை. அங்கே சொல் ஒவ்வொன்றும் ஒரு பெரிய மைதானம். 'போனா' என்றால் நல்லது, எளிமை, சரிசெய்வது எல்லாம்தான். 'தோமோ' என்றால் வீடு, கட்டிடம், அறை, 'தாவா' என்றால் நகர்வது, இரண்டும் சேர்ந்தால் நகரும் வீடு, அதாவது வண்டி. அட்டையின் பின்பக்கம் ஒற்றைத் தமிழ்ச்சொல்லை எழுதி வைத்ததே தப்பு என்று பிறகுதான் தெரிந்தது, எல்லாவற்றையும் படங்களாக மாற்றினேன், ஒரு சொல்லுக்கு நாலைந்து படம். அந்த மொழிக்கு மென்பொருள் இரண்டு வாரத்துக்கு மேல் தேவையில்லை என்பது என் எண்ணம்.

லோஜ்பான் இதற்கு நேர் எதிர். 1987-இல் தொடங்கிய தர்க்க மொழி. 1300-க்கும் மேற்பட்ட வேர்ச்சொற்கள், எல்லாமே ஐந்தெழுத்து, சீனம், ஆங்கிலம், இந்தி, ஸ்பானிஷ், ரஷ்யம், அரபு ஆகிய ஆறு மொழிகளின் ஒலிகளைக் கணக்குப் போட்டுக் கலந்து செய்தவை. ஆறு மொழிக்காரர்களுக்கும் ஏதாவது ஒரு நூல் பிடிபட வேண்டும் என்ற நல்லெண்ணம்தான், அந்த ஆறில் நாம் இல்லை. அங்கே உண்மையான சிக்கல் சொல்லில் இல்லை, சொல்லுக்குப் பின்னால் வரும் இடங்களில். 'க்லாமா' என்றால் போவது. ஆனால் முதலிடத்தில் போகிறவர், இரண்டாவது போய்ச் சேரும் இடம், மூன்றாவது புறப்பட்ட இடம், நான்காவது வழி, ஐந்தாவது வாகனம், வழக்கமாக இந்த வரிசையில்தான் வரும். நமக்குக் கு, இலிருந்து, வழியாக, இல் என்று உருபுகள் இருப்பதால் எதை எங்கே வைத்தாலும் பொருள் கெடாது, அங்கே பெரும்பாலும் வரிசைதான் உருபு. முன்பக்கம் க்லாமா, பின்பக்கம் ஐந்து இடங்களும் என்று போட்ட என் அட்டைகள் அத்தனையும் பூச்சியாகின. ஒரு அட்டைக்கு ஒரே ஒரு இடம், 'க்லாமாவின் மூன்றாவது இடம் எது?' என்று உடைத்துக் கேட்டபோது கொஞ்சம் நகர்ந்தது. நான் 300 சொல்லோடு நிறுத்திக்கொண்டேன், லோஜ்பான் பேசுகிறவர்களை இன்றைக்கும் அண்ணாந்துதான் பார்க்கிறேன்.

இப்போது அந்த வாசகருக்கு. பேச ஆளில்லாத மொழி என்று அவர் எஸ்பெராண்டோவைச் சொன்னது பழைய நினைப்பு. 1905-இல் பிரான்சில் முதல் உலக மாநாடு கூடியது, உலகப் போர்க் காலங்களைப் போன்ற தடைகள் தவிர இன்றுவரை வருடாவருடம் ஏதாவது ஒரு நாட்டில் கூடிக்கொண்டிருக்கிறார்கள், எஸ்பெராண்டோவைத் தாய்மொழியாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள்கூட இருக்கிறார்கள். எஸ்பெராண்டோ விக்கிப்பீடியாவில் மூன்று லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள், அதாவது தமிழ் விக்கிப்பீடியாவைவிட அதிகம், இதைக் கேட்டால் யாரைக் கேலி செய்வது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது, அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தப்பு. ஆள் நடமாட்டமுள்ள மொழி என்றால் தெருவே நமக்குத் திருப்பிச் சொல்லிக்கொடுக்கும். பேருந்துப் பலகையில் ஒரு சொல், பக்கத்து வீட்டுக்காரர் வாயில் ஒரு சொல், தொலைக்காட்சியில் அதே சொல் மறுபடி. மறக்கப் போகிற நேரத்தில் யாராவது வந்து ஞாபகப்படுத்திவிடுவார்கள். செயற்கை மொழியில் அப்படி யாரும் வர மாட்டார்கள், நான் இன்று படித்த சொல்லை நானாகத் தேடிப் போகாவிட்டால் அது இன்னொரு தடவை என் கண்ணில் படவே படாது. அதனால்தான் இந்த மொழிகளுக்கு அட்டை மென்பொருள் மற்ற மொழிகளைவிட அதிகம் தேவைப்படுகிறது, தெரு செய்ய வேண்டிய வேலையை அது செய்கிறது. எப்போது கேட்பது என்று அதற்கு நன்றாகத் தெரியும். எதைக் கேட்பது என்று தெரியாது, அதை நாம்தான் எழுத வேண்டும்.

வெட்டி வேலையா என்ற கேள்விக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. சதுரங்கம் ஆடுகிறவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

தொடங்கியிருக்கிறவர்கள் கேட்கக்கூடியது இன்னும் ஒன்று, சேர்ந்துபோன பாக்கி. காய்ச்சலில் பதினோரு நாள் திறக்காமல் இருந்துவிட்டேன், திரும்பி வந்தபோது 900 சொச்சம் அட்டை காத்திருந்தது, அதைப் பார்த்தாலே மறுபடி காய்ச்சல் வரும்போல் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் போகாதீர்கள், புதுச்சொல்லை நிறுத்திவிட்டு, தினம் அன்றைக்கு வருவதோடு பாக்கியில் ஒரு 60 என்று வைத்தால் பதினைந்து பதினாறு நாளில் கரைந்துவிடும். அப்புறம், எத்தனை சதவீதம் நினைவில் நிற்க வேண்டும் என்று கேட்கும் அமைப்பில் 90 இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள். நான் பேராசையில் 97 என்று ஏற்றினேன், அந்த ஏழு சதவீதத்துக்காகத் தினசரி அட்டை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி ஒரு கட்டுரை போடும்போது பதிவிறக்க முகவரிக்குப் பதிலாக, நல்ல அட்டை ஒன்றும் மோசமான அட்டை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போடுங்கள். என்னுடைய மோசமானவை நிறைய இருக்கின்றன, கேட்டால் அனுப்பி வைக்கிறேன்.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் 34 அட்டைகள் வந்து நிற்கின்றன. முதலாவது எது என்று எட்டிப் பார்த்தேன், இரி. சரி, மி இராஸ்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்